மர்பியின் தாய் தந்தையர்

மர்பியின் மனைவி சரோஜா தொலைபேசியில் அழைத்தபோது நான் வேறொருவருடைய மரண அறிவித்தலைத் திருத்திக்கொண்டிருந்தேன். பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி இருக்கும். "அண்ணை, மர்பி போயிட்டார். தேத்தண்ணியோடை எழுப்பப் போனன், எழும்பேல்லை" என்றாள். அவள் அழவில்லை. நானும் அழவில்லை. எழுபது வயதுக்குப் பிறகு இப்படியான செய்தி வந்தால் முதலில் வருவது அழுகை இல்லை, களைப்புத்தான். கதிரையை விட்டு எழும்ப மனமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். பிறகு சப்பாத்தைத் தேடினேன்.

மர்பியைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஸ்காபரோவில் கடிதங்களைப் பிரித்து அடுக்கும் அந்தப் பெரிய மண்டபத்தில் எங்களோடு நின்று வேலை செய்தவர்கள் அவரை மறந்திருக்க மாட்டீர்கள். அவரும் நானும் இருபது வருடத்துக்கு மேல் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். எங்களுடைய நீளமான பெயர்கள் எழுதிய உறை கையில் வந்தால் மற்ற வெள்ளைக்காரர் சிரிப்பார்கள், அல்லது என்னிடம் தள்ளிவிடுவார்கள். மர்பி அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, எழுத்து எழுத்தாக, முழுப் பெயரையும் வாசிப்பார். பிழையாகத்தான் வாசிப்பார். ஆனால் பாதியில் விடமாட்டார். "ஒரு பெயரைப் பாதியில் விட்டால் அந்த ஆளைத் தெருவில் விட்ட மாதிரி" என்று ஒருநாள் சொன்னார். அவர் பேசியது எல்லாம் ஆங்கிலம். தமிழில் அவருக்கு ஓம், சும்மா, காணும் என்ற மூன்று சொல் போதுமாக இருந்தது.

பெயர்களில் அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. அதிலும் தன்னுடைய பெயரில். சாப்பாட்டு வேளையில் யாராவது புதிதாக வந்து இருந்துவிட்டால் போதும், மர்பி தொடங்கிவிடுவார். மர்பி என்பது ஐரிஷ் மொழியில் கடல், போர் என்ற இரண்டு சொல் சேர்ந்தது, கடலில் போரிடுகிறவன் என்று அர்த்தம். அயர்லாந்தில் இந்தப் பெயரைவிடக் கூடுதலான ஆட்களுக்கு உள்ள பெயர் கிடையாது. ஒரே குடும்பத்திலிருந்து வந்ததும் இல்லை, வேறு வேறு பகுதிகளில் வேறு வேறு ஆட்களுக்குத் தானாக உண்டான பெயர். ஆதியில் பெயருக்கு முன்னால் 'இன்னாருடைய வழிவந்தவன்' என்று காட்டுகிற ஒரு எழுத்து இருந்தது, ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் அது உதிர்ந்துபோனது. இவ்வளவையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிட்டு, "நான் மட்டும் ஏரியில் இருக்கிற தீவுக்குப் போகிற படகில் ஏறினாலே சத்தி எடுக்கிறவன்" என்பார்.

பிறகு பெயர் பெற்ற மர்பிகள் வருவார்கள். அயர்லாந்தின் வெக்ஸ்போர்ட்டில் ஆங்கிலேயருக்கு எதிராகக் குடியானவர்களைத் திரட்டிக் கொண்டுபோய் உயிரை விட்ட ஒரு பாதிரியார். இரண்டாம் உலகப் போரில் பதக்கங்களாகக் குவித்து, பின்னர் சினிமாவில் நடித்த அமெரிக்கச் சிப்பாய். சிரிப்புப் படங்களில் வருகிற கறுப்பு நடிகர். கிட்டடியில் பெரிய விருது வாங்கிய ஐரிஷ் நடிகர். கடைசியாக, நடக்கக்கூடாதது எல்லாம் கட்டாயம் நடக்கும் என்ற விதிக்குப் பெயர் கொடுத்த எஞ்சினியர். இயந்திரத்தில் உறைகள் சிக்கும்போதெல்லாம் எங்கள் பெடியள் "மர்பி அண்ணை, உங்கட சட்டம் வேலை செய்யுது" என்று பகிடி பண்ணுவார்கள். நான் மொழிபெயர்த்துச் சொல்வேன். "அது வேறு மர்பி. பழி மட்டும் எங்கள் எல்லாருக்கும் பங்கு" என்று சொல்லிக்கொண்டு இயந்திரத்துக்குள் கையை விடுவார். அவர் குடியிருந்ததும் ஸ்காபரோவில் வெக்ஸ்போர்ட் பகுதியில்தான். வாடகை குறைந்த இடங்கள் வேறு இருந்தன. பெயருக்காக அங்கே போனவர் அவர்.

எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, தகப்பன் பெயரைத்தான் போட்டுக்கொள்கிறோம் என்று ஒருமுறை அவருக்கு விளங்கப்படுத்தினேன். இங்கே வந்து படிவம் நிரப்பியபோது என் தகப்பன் பெயர் கந்தையா கடைசிப் பெயராகிப் போனது, இப்போது என் பேரனும் கந்தையா, அவனுக்குக் கந்தையா யாரென்றே தெரியாது என்று சலித்துக்கொண்டேன். மர்பி, "இப்படித்தான் எல்லாம் தொடங்கியிருக்கும். உன் அப்பாவைத் தெரியாத ஆயிரம் கந்தையாக்கள் இனி வருவார்கள். யாரும் கேட்க மாட்டார்கள்" என்றார். அவர் என்னைத் தேற்றுகிறார் என்று நினைத்தேன்.

அங்கேதான் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாமல் ஒன்று கேட்டேன். எங்கள் ஆட்களின் வியாதி உங்களுக்குத் தெரியும். ஒரு மனிசனைக் கண்டால் எந்த ஊர், ஆருடைய மகன் என்று அறியாமல் சாப்பாடு செமிக்காது. "உந்தப் பாதிரியாரையும் சிப்பாயையும் விடு. உன்னுடைய தகப்பன் பெயர் என்ன? என்ன வேலை செய்தவர்?" என்று கேட்டேன். மேசையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். மர்பி மறுபடியும் பாதிரியாரின் கதையைத் தொடங்கினார். நான் விடவில்லை, சிரித்துக்கொண்டே இரண்டாந்தரமும் கேட்டேன். அவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு எழுந்து போனார். வெள்ளைக்காரருக்குச் சொந்தக் கதை கேட்டால் பிடிக்காது என்று மற்றவர்களுக்கு நான் விளக்கம் வேறு கொடுத்தேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அதே மண்டபத்தில் வேலை செய்த சரோஜாவை அவர் கட்டினார். அவள் புருஷனைப் பறிகொடுத்து, ஒரு பெண்பிள்ளையோடு தனியாக இருந்தவள். சரோஜாவின் தமையன் சிவம் மோர்னிங்சைடில் இருக்கிறான், சனம் என்ன சொல்லும் என்பதுதான் அவனுக்கு எப்போதும் கவலை. எங்கள் ஆட்களுக்கெல்லாம் எழுதிக்கொடுக்கிறவன் என்று, கலியாணக் காட் எழுதும் வேலையும் வழக்கம்போல என் தலையில் விழுந்தது. பெண் வீட்டுப் பக்கம் நிரம்பிவிட்டது. மாப்பிள்ளை பக்கத்தில் தாய் தகப்பன் பெயர் போடுகிற இடம் வெறுமையாகக் கிடந்தது. காட் வடிவாக இராது என்று, ஒருவரையும் கேட்காமல், 'காலஞ்சென்ற திரு, திருமதி மர்பி தம்பதிகளின் செல்வப் புதல்வன்' என்று எழுதி அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். காட் வந்ததும் மர்பி அதை என்னிடம் கொண்டுவந்து, ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார். அந்த வரியில் விரலை வைத்து "இவர்கள் யார்?" என்று கேட்டார். "உன் அப்பா அம்மா" என்றேன். அவர் காட்டை உறைக்குள் திரும்ப வைத்தார்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நான் போனபோது சிவம் வந்திருந்தான். அறிவித்தல் மத்தியானத்துக்குள் அச்சுக்குப் போகவேண்டும் என்று நின்றான். நான் பேனையை எடுத்துக்கொண்டு, பழக்க தோசத்தில், "தாய் தகப்பன் பேர் என்ன?" என்று கேட்டேன். சரோஜா என்னையே பார்த்தாள்.

"அண்ணை, உங்களுக்கு இன்னும் தெரியாதோ? அவர் ஒஷாவாவிலை ஒரு பிள்ளைகள் விடுதியிலை வளர்ந்தவர். ஆரோ வாசலிலை விட்டிட்டுப் போன பிள்ளை. பதியிறதுக்கு ஒரு பேர் வேணுமெண்டு, அங்கை சமைச்ச மனிசி தன்ரை பேரைக் குடுத்தவ. பிறிஜிட் மர்பி. கிழவி. ஒன்பது வயதுமட்டும் அவவின்ரை குசினியிலைதான் அவர் திரிஞ்சவர். பிறகு அவ செத்துப்போனா. வருஷத்துக்கு ஒருக்கா லீவு போட்டிட்டு ஒஷாவாவுக்குப் போறது, அவவின்ரை கல்லறைக்குத்தான்."

ஆயிரம் வருடத்து மர்பிகளை ஒப்புவித்த மனிதனுக்கு ஒரு தலைமுறை மேலே ஒன்றுமே இருக்கவில்லை. அந்த இடத்தைத்தான் நான் ஏழெட்டுப் பேருக்கு முன்னால் நோண்டியிருக்கிறேன்.

"கலியாணக் காட்டிலை நான் எழுதினது..." என்று இழுத்தேன்.

"பொய் எண்டு அவருக்குத் தெரியும்தானே. கோவிக்கேல்லை. ஆனா ரெண்டு நாள் நித்திரை கொள்ளேல்லை. முதன்முதலா எனக்கு ஒரு தகப்பனைத் தந்தவன் என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம் எண்டு சொன்னவர்." பிறகு அவளே சொன்னாள்: "மகள் ஒரு டி.என்.ஏ. பெட்டி வாங்கிக் குடுத்தவள். எச்சிலைத் துப்பி அனுப்பினா எந்தச் சனமெண்டு சொல்லுவினமாம். அவர் அனுப்பேல்லை. இந்த வயதிலை இன்னொரு பேரைப் படிக்க ஏலாது, களைச்சுப் போனன் எண்டார்."

வாழ்நாள் முழுக்கக் கடிதம் அனுப்பும் இடத்தில் நின்றவர் அந்த ஒரு பெட்டியை அனுப்பவில்லை.

சிவத்துக்குப் பொறுமை இல்லை. "அண்ணை, நேரம் போகுது. ஏதாவது ரெண்டு ஐரிஷ் பேரைப் போடுங்கோ. ஆர் போய்த் தேடப்போகினம்? தாய் தகப்பன் இல்லாத அறிவித்தலைக் கண்டால் சனம் நாலையும் கதைக்கும்" என்றான். குற்றம் சொல்லமாட்டேன், முன்னர் அதைச் செய்துகாட்டியவன் நான்தானே. சரோஜா அவனைத் திரும்பியும் பார்க்காமல் என்னிடம் சொன்னாள்: "பொய் வேண்டாம் அண்ணை. அநாதை எண்டும் எழுதக்கூடாது. மனிசனுக்கு இனி மிச்சமிருக்கிறது நீங்கள் எழுதிற நாலு வரிதான்."

நூற்றுக்கணக்கான அறிவித்தல் எழுதியிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். அன்று பிறப்பிடம் என்ற சொல்லிலேயே கை நின்றுவிட்டது. அவர் எங்கே பிறந்தார் என்று யாருக்குத் தெரியும்? 'ஒஷாவாவில் வளர்ந்தவரும், வெக்ஸ்போர்ட்டை வதிவிடமாகக் கொண்டவருமான' என்று மாற்றினேன். அடுத்தது தாய் தகப்பன் வரி. முதலில் 'பிறிஜிட் மர்பியால் வளர்க்கப்பட்டவரும்' என்று எழுதினேன். வாசித்துப் பார்த்தேன், ஒரு கோழியையும் அப்படி எழுதலாம். 'வளர்ப்பு மகனும்' என்று போட்டேன். அதையும் வெட்டினேன். கடைசியில் எல்லாருக்கும் எழுதுவது போலவே எழுதினேன்: 'அன்னார், காலஞ்சென்ற பிறிஜிட் மர்பியின் அன்பு மகனும்.' இந்தமுறை கேட்டுக்கொண்டேன், சரோஜாவிடம். அவள் தாளை வாங்கி வாசித்துவிட்டுத் தலையாட்டினாள்.

"சமையல்காரியையோ போடப்போறியள்?" என்றான் சிவம்.

"ஓம்" என்றேன். எனக்கு விளக்கம் சொல்லத் தெம்பு இருக்கவில்லை.

மர்பியிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று கேட்டால், அந்தப் பாதிரியாரும் சிப்பாயும் இல்லை. அவை எல்லாம் புத்தகத்தில் கிடைக்கும். ஒரு பெயர் எப்படி ஒரு ஆளிடமிருந்து இன்னொரு ஆளுக்கு வருகிறது என்பதை அவரைப் பார்வைக்கு வைத்த அன்று என் கண்ணாலே கண்டேன். அதைத்தான் வைத்திருக்கிறேன். அவருடைய உடலைச் சுற்றிச் சனம் நிறைந்திருந்தது. எல்லார் கையிலும் நான் எழுதிய தாள். மோர்னிங்சைடிலிருந்து வந்த ஒரு வயதான அன்ரி, சிவத்துக்குத் தூரத்துச் சொந்தம், கண்ணாடியைத் தூக்கிவிட்டு வரி வரியாக வாசித்துக்கொண்டு வந்து ஒரு இடத்தில் நின்றா. அவவின் வாயில் என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். நானும் அந்த ரகம்தானே. சிவம் மெல்ல நழுவி வெளியே போய்விட்டான். நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்க வாய் திறக்குமுன் அன்ரி கேட்டேவிட்டா.

"பிள்ளை சரோஜா, ஆர் உந்தப் பிறிஜிட்?"

சரோஜா சவப்பெட்டியின் விளிம்பில் இருந்து கையை எடுக்கவில்லை. நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னாள்.

"என்ரை மாமியார், அன்ரி."