அக்காவுக்கு ஏ கிரேடு

அப்பா நிட்டிங் கம்பெனியிலிருந்து வந்து நுழையும்போது மெஷின் எண்ணெயும் பஞ்சும் கலந்த வாசனை முதலில் வரும். அதன் பிறகு வீட்டில் எந்தச் சத்தமும் இருக்காது. திருப்பூரை ஒட்டிய அருள்புரத்து லைன் வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் இந்தியும் இந்தப் பக்கம் கொங்குத் தமிழுமாக இரைந்துகொண்டிருக்க, எங்கள் வீட்டில் உதடுகள் மட்டும்தான் அசையும். வட்டமாகச் சுற்றுகிற பின்னல் மெஷின்களுக்கு நடுவே வருஷக்கணக்காக நின்று அப்பாவின் காது போய்விட்டிருந்தது. அந்த இரைச்சலில் எதிரே நிற்பவரின் வாயைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ள எல்லோரும் பழகிவிடுவார்கள். அதை நாங்கள் ‘வாய் பாக்கது’ என்போம்.

ஸ்டெல்லா அக்கா பனியன் கம்பெனியில் ‘செக்கிங்’. தைத்து வருவதை விரித்துப் பார்த்து, ஓட்டையோ கறையோ தையல் கோணலோ இருந்தால் ஒதுக்க வேண்டும். குறையில்லாதது ‘ஏ கிரேடு’, கப்பலேறிவிடும். ஒதுக்கியது ‘செகண்ட்ஸ்’. தெற்கேயிருந்து பிழைக்க வந்த நாள்முதல் நாங்கள் உடுத்தியதெல்லாம் செகண்ட்ஸ்தான். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது அக்கா போட்டிருந்ததும் கழுத்துப் பட்டி கோணிய ஒரு செகண்ட்ஸ். அவள் திரும்பி வரவில்லை.

மிஞ்சியது ஒரு பாட்டு. கம்பெனி வேனில் அவள் பாடியதை, உடன் வேலை பார்த்த பெண் போனில் பதிந்து வைத்திருந்து மெமரி கார்டில் போட்டுக் கொடுத்தாள். நானும் அம்மாவும் கேட்டோம். அப்பா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு எங்கள் முகங்களையே பார்த்தார். பிறகு, “ஏலே, படிக்கிறவன்தான நீ? எனக்குக் கேக்குத மாதிரி ஒண்ணு செய்யேன்” என்றார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை விடாமல் பிடித்துக்கொண்ட முதல் ஆள் நான், பதினோராம் வகுப்பு. படித்தவனால் முடியாதது ஒன்று இருக்கும் என்பதே அவருக்குத் தெரியாது.

இன்டர்நெட் கடையில் ஒலியைப் பெருக்குகிற ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் சர்க்யூட் படத்தை அச்செடுத்து வந்தேன். தலைப்பில் ‘கிளாஸ் ஏ’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அட்டைப்பெட்டிகளில் பார்த்துப் பார்த்து அந்த ஒரு எழுத்து மட்டும் தெரியும். விரலை அதன்மேல் வைத்தார்.

“ஏ தானலே இது? அப்பம் எல்லாம் ஏ கிரேடாப் போடு. எம் புள்ளைக்கு இனிமேலும் செகண்ட்ஸ் வேண்டாம்.”

அது தரத்தைக் குறிக்கும் எழுத்தல்ல, ஒரு வகையின் பெயர் என்று உதட்டால் சொல்லிப் பார்த்தேன். அவர் என் வாயைப் பார்க்கவில்லை.

திருப்பூரில் எலக்ட்ரானிக்ஸ் கடைக்கு அவரும் வந்தார். தொப்பி போன்ற இரும்பு மூடி கொண்ட டிரான்சிஸ்டர்களைக் கடைக்காரர் இரண்டு குவியலாகக் கொட்டினார்: புதியவை ஒன்று, பழைய செட்டுகளிலிருந்து கழற்றியவை இன்னொன்று. போடுகிற இரண்டு டிரான்சிஸ்டரும் ஒலியை ஒரே அளவாகப் பெருக்கித் தருகிற ஜோடியாக இருக்க வேண்டும் என்று படத்தின் கீழ் எழுதியிருந்ததால், நான் ஒவ்வொன்றாக மீட்டரில் பார்த்தேன். பழைய குவியலில் ஒரு ஜோடி ஏறக்குறைய ஒத்துப்போனது. இரண்டிலும் கீறல். அப்பா அவற்றைப் பிடுங்கி வாசல் வெளிச்சத்தில், அக்கா பனியனைத் திருப்புவதுபோலவே திருப்பிப் பார்த்து, “செகண்ட்ஸ்” என்று ஒதுக்கினார். புதியவற்றில் அச்சு அழியாததாக, பளபளப்பானதாகத் தேடினார்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். “ஏனுங்ணா, டிரான்சிஸ்டர் வாங்கறீங்களா, பொண்ணு பாக்கறீங்களா?”

அப்பா அவர் வாயைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பொண்ணுக்குத்தான்யா பாக்கேன்.”

அந்தப் பளபளப்பு ஜோடி மின்சாரம் பாய்ந்த கொஞ்ச நேரத்திலேயே புகைந்துபோனது. மூடியை அறுத்துப் பார்த்தால் உள்ளே இருக்க வேண்டியதைவிட மிகச் சிறிய சில்லு. யாரோ மட்டமான சரக்குக்குப் பெரிய பெயரை அச்சடித்து விற்றிருக்கிறார்கள், லேபிள் மாற்றித் தைத்த பனியன் மாதிரி. அப்பா அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். அடுத்த முறை கடைக்குப் போனபோது கீறல் விழுந்த ஜோடியை அவரே எடுத்து நீட்டினார்.

“இதையே போடு. அவளுக்குச் செகண்ட்ஸ் பழக்கந்தான்.”

ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்வந்த பிறகு, பாட்டைப் போட்டேன். வேன் உறுமலுக்கு மேலே அக்காவின் குரல் லைன் வீடு முழுக்கப் பரவியது. வாசலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மா, “ஏங்கண்ணு, அது நம்ம ஸ்டெல்லாங்களா?” என்று குடத்தை விட்டுவிட்டு வந்து நின்றார். அப்பா ஸ்பீக்கரில் காதை வைத்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. தடுமாறி எழுந்தவர் கையை ஊன்றியது டிரான்சிஸ்டர்களைப் பூட்டியிருந்த அலுமினியத் தகட்டின்மேல். அப்படியே நின்றுவிட்டார். தகடு கை பொறுக்கிற சூட்டில் இருந்தது.

“அவ பாடுதா,” என்றார் அப்பா. “பாடுதாலே!”

பாட்டு அதற்குள் முடிந்துவிட்டிருந்தது. அந்த வகை ஆம்ப்ளிஃபயரில் பாட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மின்சாரம் ஒரே மாதிரி ஓடிக்கொண்டேயிருக்கும். பாட்டே இல்லாதபோதும் அது சுடும். அப்பா கையை எடுக்காமல் அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் உதடு அசைந்தது: “ஆமா, பாடுதா.” அணைக்கப் போன நான் சுவிட்சிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

இன்று அந்த லைன் வீடு இல்லை, அங்கே ஒரு குடோன் இருக்கிறது; அப்பாவும் அம்மாவும் அந்த ஆம்ப்ளிஃபயரோடு வேறு வீட்டில் இருக்கிறார்கள். மெமரி கார்டு எதில் போட்டாலும் திறப்பதில்லை. அக்காவின் குரல் எப்படி இருந்தது என்று யோசித்தால் எனக்கு வேன் உறுமல்தான் ஞாபகம் வருகிறது. கோவையில் எனக்கு வேலை; போன மாதம் அம்மா போன் செய்தாள். “உங்கப்பா சாயந்தரமெல்லாம் அந்தத் தகட்டுல கைய வச்சிப் பாத்துட்டு, பாட்டு நின்னுபோச்சுங்காரு. வந்து என்னன்னு பாருலே.”

போனேன். டிரான்சிஸ்டர் ஒன்று செத்திருந்தது. பழைய சரக்கு விற்கிற கடைகளில் ஏறி இறங்கி, உயிரோடிருக்கும் மற்றதற்கு இணையாக ஒன்று கிடைக்கும்வரை மீட்டரில் பார்த்துக்கொண்டேயிருந்தேன். பாட வேண்டிய ஒன்றுக்குத் தேடுகிற அதே கவனத்தோடு. அதைப் பூட்டும்போதுதான் கவனித்தேன், ஸ்பீக்கருக்குப் போகிற ஒயரை எப்போதோ எலி கடித்துத் துண்டாக்கியிருக்கிறது. அம்மாவைப் பார்த்தேன். அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒயரை அப்படியே விட்டுவிட்டுச் சுவிட்சைப் போட்டேன். மூன்று பேரும் அந்தத் தகட்டையே பார்த்துக்கொண்டு, அது சூடேறக் காத்திருந்தோம்.