நாலு மணிப் படத்தில் அம்மா

அம்மா செத்த வாரமே அப்பா அவளுடைய போட்டோக்களை எல்லாம் பரணில் ஏற்றிவிட்டார். எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் தெருவில் செத்தவர்கள் எல்லாரும் மாலையோடு சுவரில் இருந்தார்கள். அம்மா மட்டும் எனக்கு எட்டாத இடத்தில். எனக்கு ஒன்பது வயது. அப்பாவை வெறுத்தேன். இதை அழகாகச் சொல்ல எனக்கு வராது.

ஞாயிறு நாலு மணிக்குக் கேபிள்காரர் தன் சொந்தச் சேனலில் ஒரு படம் போடுவார். ஒரு வருஷம் கழித்து அப்படி ஒரு ஞாயிறு, சண்டைக் காட்சியின் நடுவே திரை கோடுகோடாகக் கிழிந்தது. அடுத்து வந்தது யாருடையதோ கல்யாண வீடியோ. பந்தி. இலை, அப்பளம், தெரியாத முகங்கள். விளக்கு வெளிச்சம் ஒவ்வொருவராக நகர்ந்து அம்மாவிடம் வந்து நின்றது.

கண் கூசி, இடது கையால் முகத்தை மறைத்தாள். "சாப்பிடறப்ப எடுக்காதீங்கன்னா கேக்கவே மாட்டீங்களா?" என்று சிரித்தாள். நான் மறந்துகொண்டே வந்த குரல்.

எதிர்வீட்டு அக்கா வாசலிலிருந்து கத்தினாள். "ஏ பொண்ணே, உங்கம்மா டிவில கீதுடி! ஓடியா!"

வெளிச்சம் பக்கத்து இலைக்குப் போய்விட்டது. மாப்பிள்ளை, பெண் முகம் வருவதற்குள் படம் திரும்பி வந்தது. அம்மா டீச்சர், தன்னிடம் படித்த பிள்ளைகளின் கல்யாணத்துக்கெல்லாம் தனியாகப் போய்வருவாள். இது எந்தக் கல்யாணமோ.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். டேப்பைப் பிடுங்கத்தான் போகிறார் என்று பின்னாலேயே ஓடினேன்.

கேபிள்காரர் பதறினார். "சத்தியமா நான் போடல சார். என் டேப்பு இதோ ஓடிகினு கீது, பாருங்க. எவனோ உங்க தெரு கம்பத்துப் பொட்டியத் திறந்து அவன் வீசிஆரைச் சொருகிட்டான். மாட்டுனான்னா கைய ஒடிப்பேன்."

"யார் வீட்டுக் கல்யாணம்னு தெரியுமா?"

"தெரியலயே சார், அதான் பேஜாரு. நாளைக்கே பூட்டு போட்டுடறேன். இனிமே எவனும் கை வைக்க முடியாது."

"பூட்டு வேணாம்."

"இன்னா சார்?"

"வேணாங்க. அப்படியே இருக்கட்டும்."

திருடனை மறுபடி வரவைத்துப் பிடிக்கத் திட்டம் போடுகிறார் என்று நினைத்தேன். அவன் மாட்டினால் அம்மா வரமாட்டாள். அதனால் ஞாயிறுதோறும் நாலு மணிக்கு நான் கம்பத்தடியில் போய் நின்றேன். அவன் வந்தால், அப்பா வீட்டில் இருக்கிறார், சீக்கிரம் போட்டுவிட்டு ஓடிவிடுங்கள் என்று சொல்வதற்காக. மழையிலும் நின்றேன். அவன் வரவே இல்லை. யாரென்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. பெட்டியின் கீழே ஒரு பெண்பிள்ளை காவல் நிற்பதைப் பார்த்துத்தான் திரும்பிப் போனானோ என்னவோ. இப்போது நினைத்தால் என்னையே அறையவேண்டும் போலிருக்கிறது.

ஜன்னல் வழியாக அப்பா தெரிவார். திருடனைப் பிடிக்க வேண்டியவர் என் பக்கத்தில் அல்லவா ஒளிந்து நிற்கவேண்டும்? அவர் நாற்காலியை டிவிக்கு வெகு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, மடியில் கைகளை வைத்து, விளம்பரத்துக்குக்கூட எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். அவரை அப்படிப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.