முதலில் குத்துமதிப்பு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். பசறைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டப் பாடசாலைக்குக் கணிதம் படிப்பிக்க வந்த நாளிலிருந்து வெண்கட்டிகளை உடைத்தே தீர்த்திருக்கிறேன். விடை பிழைத்தால் பொறுப்பேன். நடக்கவே நடக்காத ஒன்றை விடையென்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டு வைத்தால் பொறுக்கமாட்டேன்.

தரம் பதினொன்றில் ஒரு பிள்ளை. மற்றப் பாடங்களில் கெட்டிக்காரி. கணக்கென்றால் மட்டும் பேயறைந்தவள்போல் ஆகிவிடுவாள். வருட முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறினால் உயர்தர வகுப்பு கிடையாது. அப்படி நடந்தால் கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்கு அனுப்புவதாக அவளுடைய அம்மா பேசி வைத்திருந்தார். அவளுக்குப் போக விருப்பமில்லை. எனக்கும் அவளை விட மனமில்லை.

ஒருநாள் கரும்பலகையில் எழுதினேன்: இருபத்துநான்கு பேர் சேர்ந்து ஒரு நாளில் 432 கிலோ கொழுந்து பறித்தார்கள், ஆளுக்குச் சராசரி எவ்வளவு? அவள் நீட்டிய கொப்பியில் நூற்றெண்பது கிலோ என்றிருந்தது.

“ஒங்கம்மா ஒரு நாளைக்கு நூத்தியெண்பது கிலோ எடுப்பாங்களா?” என்று கத்தினேன்.

அவள் யோசித்தாள். “எங்கம்மாவே அவ்வளவு பாரம் இல்லைங்க டீச்சர்.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவளும் சிரித்தாள். கணிதப் பாடத்தில் அவள் பல்லை அன்றுதான் பார்த்தேன். “பேனைய வை. குத்துமதிப்பா எவ்வளவு வரும்?” என்று கேட்டேன்.

“நானூத்தியெண்பதா இருந்தா ஆளுக்கு இருபது. இது கொறைய. அப்ப இருபதுக்குக் கொஞ்சம் கீழ.”

எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. அந்த வழியை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவே இல்லை. அதன்பின் வகுப்பில் சட்டம் போட்டேன்: குத்துமதிப்பைச் சொல்லாமல் யாரும் பேனையைத் தொடக்கூடாது. ஆளுக்கொரு எண்ணைக் கூவுவார்கள். ஒருவர் மற்றவரை மறுப்பார்கள். அதிபர் எட்டிப் பார்த்து, “பாடம் நடக்குதா, ஏலம் நடக்குதா?” என்றார்.

“ரெண்டும்தான், சேர்” என்றேன்.

கணிதப் பரீட்சை முடிந்து வந்தவளை வாசலிலேயே பிடித்தேன்.

“வீட்டுத் தண்ணித் தொட்டிக்கு எண்பது லீட்டர்னு வந்துச்சுங்க டீச்சர். எங்க லயத்து வீட்டு டிரம்மே இருநூறு புடிக்குமே! வெட்டிட்டுத் திரும்பச் செஞ்சேன், எண்ணூறு வந்துச்சு.”

பெறுபேறு வந்தபோது கணிதத்தில் அவளுக்குத் திறமைச் சித்தி, வெறும் தேர்ச்சிக்கும் ஒரு படி மேல். அதை உரக்க வாசித்துவிட்டு அழுதேன். கோபக்காரிக்கு அழுகையும் சீக்கிரம் வரும்.

மறுநாள் அவளுடைய அம்மா வேலைக்குப் போகாமல், மகளைக் கூட்டிக்கொண்டு பாடசாலைக்கு வந்தார்.

“துணிக்கட மொதலாளிக்குப் போன் பண்ணிட்டேங்க டீச்சர். வேற ஆளப் பாத்துக்கங்க, எம்புள்ளைக்குப் படிக்கிற வேல இருக்குன்னு சொல்லிட்டேன்.”