கலா அண்ணியின் தண்ணீர்க் கணினி

வெள்ளிமலையில் மின்கம்பத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தபோது அண்ணனின் போன் வந்தது.

"கலா போயிட்டாடா."

என் வாயில் முதலில் வந்தது ஒரே கேள்விதான். "எந்த ரோட்டுலண்ணா?"

அண்ணன், "ரோட்டுல இல்லடா. ஸ்கூல் ஆபீஸ்ல, கணக்கு எழுதிக்கினு இருந்தவ அப்பிடியே சாஞ்சிட்டாளாம்" என்றார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாக மருத்துவமனையில் சொன்னார்கள். ஏன் சாலையைக் கேட்டேன் என்பது எங்களைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். தெரியாதவர்களுக்காகவும் அண்ணியைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

கலா அண்ணி என் அண்ணன் சேகரின் மனைவி. கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளி அலுவலகத்தில் கணக்கர். கல்யாணமாகி வந்தபோது அவர் கொண்டுவந்த சீர்வரிசையில் கார் ஓட்டும் விளையாட்டுக்கான ஒரு ஸ்டியரிங்கும் இருந்தது. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, சக்கரத்த மட்டும் குடுத்தனுப்பியிருக்காங்க, வண்டி எங்க?" என்று கேட்டார். அண்ணி முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு தன் சம்பளத்தில் விளையாட்டுப் படங்களை ஓட்டும் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போட்ட கணினி ஒன்றைத் தானே பொருத்திச் சேர்த்தார். வேலை முடிந்து வந்தால், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஊர் பேர் தெரியாத நாட்டுச் சாலைகளில் லாரி ஓட்டுவார். அண்ணனோ நிஜத்திலேயே வாடகைக் கார் ஓட்டுபவர். "எங்க வூட்ல ரெண்டு டிரைவருங்க" என்று அண்ணி பெருமையடிப்பார்.

அந்தப் பேச்சு ஒரு மழை நாளோடு நின்றுபோனது. களமருதூரில், எங்கள் சொந்த ஊரில், ஒரு விசேஷத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். அண்ணன் ஓட்டினார். முன் சீட்டில் அண்ணியின் அம்மா, பின்னால் அண்ணியும் நானும். எலவனாசூர்கோட்டை தாண்டி, விளக்கே போடாமல் ஒரு லாரி நடுச்சாலையில் நின்றிருந்தது. மழையில் ஒன்றும் தெரியவில்லை. அண்ணியின் அம்மா அங்கேயே இறந்துபோனார்.

யார்மீதும் குற்றமில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அண்ணன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. காரை விற்றார், அதன்பின் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. ஓர் அரிசி ஆலையில் மேற்பார்வை வேலைக்குப் போனார். அண்ணியின் முகத்தைப் பார்த்துப் பேசுவதையும் நிறுத்திவிட்டார். அண்ணியோ பஸ் ஏறப் பயந்தார். லாரி ஹாரன் கேட்டால் நடுங்குவார். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேர் இப்படி அரண்டுபோய் இருப்பதைப் பார்ப்பது கொடுமையாக இருந்தது.

ஒருநாள் நான் வேலை பார்க்கும் வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்தபோது அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, கேம்ல அந்த எடத்த அப்பிடியே செஞ்சிட்டேன். மழ, அதே மாதிரி ரோடு, நடுவுல நிக்கிற லாரி. உங்க அண்ணன் போன வேகத்துல ஓட்டிப் பாக்கணும். நிறுத்தியிருக்க முடியுமான்னு எனக்குத் தெரியணும்."

"வேணாம் அண்ணி" என்றேன்.

"ஓட்டத்தான் முடியலியே! மழ கொட்டற எடம் வந்தா மிஷினு சூடேறி ஆஃப் ஆயிடுது. லாரிகிட்ட போறதுக்குள்ள கறுப்பாயிடுது. ஒவ்வொரு வாட்டியும் உசுரு போய் வருது தம்பி." வெயில் காலத்தில் எங்கள் ஓட்டு வீடு அடுப்புதான், எத்தனை விசிறி வைத்தாலும் அந்தக் கார்டு கொதித்தது. "தண்ணி வுட்டுக் குளுர வெக்கப் போறேன். நீங்க கரண்ட்டுக்காரரு, கூட நில்லுங்க" என்றார்.

நான் மின்வாரியத்தில் வயர்மேன். மழை பெய்தால் ஊரே சந்தோஷப்படும், நான் மட்டும் சாமியைக் கும்பிடுவேன். ஈரக் கம்பத்தில் கை வைத்த என் கூட்டாளியைக் கீழே இறக்கியவன் நான். தண்ணீரையும் மின்சாரத்தையும் ஒரே பெட்டிக்குள் விடுகிறேன் என்று ஒருவர் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? ஆனாலும் அண்ணி கேட்டால் மறுக்கத் தெரியாது.

பொருட்கள் பார்சலில் வந்தன. கார்டின்மேல் உட்காரும் செம்புத் தகடு, சின்ன பம்ப், கண்ணாடித் தொட்டி, சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டர், நீளமான டியூப். இதற்குமுன் இருவரும் செய்ததில்லை. அண்ணி வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். முதலில் வெட்டிய டியூப் கோணலாகப் போனது. அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, அடுத்ததன் முனையை வெந்நீரில் முக்கி இளக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இணைப்பில் செருகினார். கார்டின் பழைய விசிறியைக் கழற்றும்போது ஒரு திருகாணி கைதவறி உள்ளே விழுந்தது. பெட்டியைச் சாய்த்துக் குலுக்கி அதை எடுத்தோம்.

குழாயில் வரும் தண்ணீரை ஊற்றக் கூடாதாம். பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரை வாங்கி ஊற்றினோம். கசிகிறதா என்று பார்க்க, பம்பை மட்டும் ஒரு நாள் முழுக்க ஓடவிட வேண்டும். கணினியை இயக்காமல் பம்புக்கு மட்டும் மின்சாரம் கொடுக்க, அண்ணி பவர் சப்ளையின் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைக்கச் சொன்னார்.

இரண்டு வயரை வெறும் கம்பியால் இணைப்பது என் தொழிலில் பாவம். கம்பத்துக்குப் போடும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, அம்மாவின் மணைப்பலகையை இழுத்துப்போட்டு அதன்மேல் ஏறி நின்றேன்.

"இன்னா தம்பி, கல்யாணத்துக்கு நிக்கிறீங்களா? அது சின்ன வோல்டேஜு, எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது" என்றார் அண்ணி. விபத்துக்குப் பிறகு அவர் கேலி பேசி நான் கேட்டது அன்றுதான். கிளிப்பைச் செருகினேன். பம்ப் களகளவென்று சத்தம்போட்டது, தண்ணீர் டியூபுக்குள் ஓடியது. ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே டிஷ்யூ பேப்பரை விரித்து வைத்தோம்.

மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தேன். தொட்டிக்குக் கீழே இருந்த பேப்பர் ஈரமாக, சிவப்பாக இருந்தது. என்னை அறியாமல் கத்திவிட்டேன். ஓடிப்போய் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி எறிந்தேன். வீடு முழுக்க மின்சாரம் போனது. தலையில் துண்டோடு ஓடிவந்த அண்ணி அந்தப் பேப்பரை எடுக்கவே பயந்து நின்றார். பிறகு குனிந்து முகர்ந்தார்.

"சந்தனம் மணக்குது தம்பி."

அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "வெள்ளிக்கெழமயும் அதுவுமா, தண்ணி ரொம்பிக் கும்பம் மாதிரி நிக்குது. பொட்டு வெக்காம வுடறதா? நாந்தான் மஞ்சத்தண்ணி தெளிச்சு, சந்தனம் குங்குமம் வெச்சேன். இதுக்குப் போயி ஏன்டா கரண்ட்ட நிறுத்தின?"

அண்ணி தரையில் உட்கார்ந்து சிரித்தார். சிரிப்பு எப்போது அழுகையானது என்று சொல்லத் தெரியவில்லை.

கசிவே இல்லை. எல்லாவற்றையும் பொருத்தியாயிற்று. மழைக் காட்சியை வெறுமனே ஓடவிட்டுப் பார்த்தோம்; கார்டு சூடேறவில்லை, திரை கறுக்கவில்லை. ஆனால் அண்ணி ஸ்டியரிங்கில் கை வைக்கவில்லை. அடுத்த முறை நான் வந்தபோதும் ஸ்டியரிங்குக்குத் துணி போர்த்தியிருந்தது.

"இன்னா அண்ணி, ஓட்டலியா?"

"இத்தினி நாளு மிஷினு மேல பழி போட்டுக்கினு இருந்தேன் தம்பி. இப்ப அதுவும் இல்ல. நிறுத்த முடியும்னு வந்துட்டா நான் இன்னா பண்ணுவேன்? உங்க அண்ணன் மூஞ்ச எப்பிடிப் பாப்பேன்?"

எனக்கும் அதே பயம்தான். அன்று மாலை அவரே துணியை எடுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மழை கொட்டியது, லாரி வந்தது, அண்ணி பிரேக்கை மிதித்தார், மோதினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திரும்ப ஓட்டினார். லாரி நிற்கிறது என்று தெரிந்தே ஓட்டினார், அப்போதும் மோதினார். சேலைத் தலைப்பு வேர்வையில் நனைந்துவிட்டது. வாரக்கணக்கில் ஓட்டினார். ஒரு தடவைகூட வண்டி நிற்கவில்லை.

"கேம்ல நடந்தது நெசமாயிடுமா அண்ணி?" என்று கேட்டேன்.

"ஆவாது தம்பி. எனக்கும் தெரியும். ஆனா யாரு ஓட்டியிருந்தாலும் அவ்ளோதான்னு என் காலுக்குத் தெரிஞ்சிடுச்சு. எனக்கு அது போதும்."

அன்று சாப்பாட்டின்போது அண்ணனிடம் நேராகச் சொன்னார். "நானும் ஓட்டிப் பாத்துட்டேங்க. என்னாலயும் நிறுத்த முடியல. இனிமே உங்கள நீங்களே கொல்லாதீங்க." அண்ணன் தலை நிமிரவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார். அண்ணி என்னைப் பார்த்து, "சொல்லிட்டேன், அவரு மெதுவா வரட்டும்" என்றார். அதன்பின் அவர் தனியாக பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு, கல்வராயன் மலையிலிருக்கும் வெள்ளிமலைக்கு என்னைப் பார்க்கவே வந்தார். அண்ணன் மட்டும் அப்படியேதான் இருந்தார்.

அண்ணியைக் களமருதூரில் அடக்கம் செய்வதென்று முடிவானது. மருத்துவமனை வாசலில் வேன் தயாராக நின்றது. டிரைவர் ஏறப்போனபோது அண்ணன் அவர் தோளைத் தொட்டு, "சாவியக் குடு தம்பி, அவள நான் கூட்டிக்கினு போறேன்" என்றார். எல்லோரும் தடுத்தார்கள். அவர் கேட்கவில்லை. நான் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். பல வருடம் வண்டி தொடாத மனிதர், பின்னால் அண்ணி, முன்னால் அதே சாலை.

எலவனாசூர்கோட்டை தாண்டியது. எதிரே லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தன. அந்த இடம் நெருங்க நெருங்க அண்ணனின் கைகள் ஸ்டியரிங்கை இறுக்கின. அவர் வேகத்தைக் குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை.

இடம் பின்னால் போனது. அண்ணன் திரும்பாமலேயே, பின்னால் இருப்பவருக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்:

"கலா, தாண்டிட்டோம்."

போய் வாருங்கள் அண்ணி. உங்களுக்குக் கேட்டிருக்கும் என்றே நம்புகிறேன்.