நீள மணி

பட்டாளத்துக்குப் போக வேண்டும் என்று அவன் ஒருநாளும் நினைத்ததில்லை. நினைத்தவன் அவனுடைய சித்தப்பா மகன். விடிவதற்கு முன் எழுந்து ஓடியவனும், தெருவில் எதிரே வந்தவர்களுக்கெல்லாம் சல்யூட் அடித்துப் பழகியவனும் அந்தச் சித்தப்பா மகன்தான். ஆள் எடுக்கிற அன்று நம்ம ஆள் சும்மா துணைக்குப் போனான், பையைப் பிடித்துக்கொள்ள. வரிசையில் நிற்கிறவர்களைத்தான் உள்ளே விடுவோம் என்றார்கள், நின்றான். ஓடு என்றார்கள்; பையை ஓரமாக வைத்துவிட்டு ஓடினான். சாயங்காலம் பார்த்தால், மூச்சை இழுத்துப் பிடித்தும் மார்பு விரியவில்லை என்று சித்தப்பா மகனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பை பிடிக்க வந்தவனை எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து சித்தப்பா வீட்டில் இவனோடு பேச்சுவார்த்தை கிடையாது. தான் செய்த குற்றம் என்னவென்று இவனுக்கும் விளங்கவில்லை.

அதுவரை அவன் ஒரு பள்ளிக்கூடத்தில் பியூன். தண்ணீர்ப் பானையை நிரப்புவது, சாக்பீஸ் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் உண்டென்றாலும், அவனுடைய வேலை என்று ஊர் அறிந்தது மணி அடிப்பதுதான். மணி என்றால் பெரிய மணி ஒன்றுமில்லை. இரண்டு கம்பங்களுக்கு நடுவே தொங்கும் தண்டவாளத் துண்டு. அடிக்க ஓர் இரும்புக் கம்பி. பாடம் மாறினால் ஓர் அடி. மதியச் சாப்பாட்டுக்கு இரண்டிரண்டு அடியாக, நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது மட்டும் நீள மணி. விடாமல், மூச்சு முட்ட அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கடைசிப் பிள்ளை வாசலைத் தாண்டும்வரை கை ஓயக் கூடாது.

பள்ளிக்கூடத்தின் பின்சுவரை ஒட்டி அவர்கள் வீடு. அம்மா சட்டைக் கம்பெனியிலிருந்து காலர்களைக் கட்டுக்கட்டாக வாங்கி வந்து வீட்டிலேயே தைத்துக் கொடுப்பாள். வீட்டில் கடிகாரம் இருந்தது, ஆனால் அவள் அதை நம்பமாட்டாள். மகன் அடிக்கும் சாப்பாட்டு மணி கேட்டால் மிஷினிலிருந்து காலை எடுப்பாள். நீள மணி கேட்டால் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைப்பாள். தண்ணீர் கொதிக்கும்போது அவன் வாசலில் செருப்பைக் கழற்றுவான்.

அவனைப் பட்டாளத்தில் எடுத்துவிட்டார்கள் என்றதும் தலைமை ஆசிரியர் முதுகில் தட்டினார். தெருவே வந்து கை குலுக்கியது. யாரும் போகிறாயா என்று கேட்கவில்லை. அம்மா ஒருத்திதான் கேட்டாள்.

"உனக்கு என்னடா தோணுது?"

"தெரியலம்மா. உனக்கு?"

"போறது நீ. என்னைக் கேட்டா?"

மகன் சொல்லட்டும் என்று அம்மாவும், அம்மா சொல்லட்டும் என்று மகனும் காத்திருந்ததில் புறப்படுகிற நாள் வந்துவிட்டது. போய்விட்டான். இப்படியும் ஒருவன் பட்டாளத்துக்குப் போவானா என்று கேட்டால், போனானே, என்ன செய்யச் சொல்கிறீர்கள்.

பயிற்சி முகாமில் அவர்களை மேய்த்தவருக்குச் 'சங்கு' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆலைச் சங்கு மாதிரிக் குரல். பக்கத்துக் கட்டில்காரன் முன்பு வயரிங் வேலை பார்த்தவன். ஒயர்மேன் என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். இரவெல்லாம் குறட்டை விடுவான், பகலில் அடுத்தவன் சோப்பை எடுத்துத் தேய்ப்பான். அணிவகுப்பில் அவனுக்கு வரிசை நேராக வரவே வராது. நம்ம ஆளின் முழங்கையைப் பார்த்துப் பார்த்துத்தான் தன்னைச் சரிசெய்துகொள்வான்.

முதல் நாளே சங்கு மைதானத்தின் மூலையைக் காட்டினார். அங்கேயும் இரண்டு கம்பங்கள், நடுவே ஒரு தண்டவாளத் துண்டு, இரும்புக் கம்பி. நம்ம ஆள் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ராத்திரி சுவர் ஏறிக் குதிச்சு ஓட வேண்டாம். பாத்ரூம்ல உக்காந்து அழ வேண்டாம். முடியலையா, போய் அதை அடி. பூட்ஸைக் கழட்டிக் குடு, கேட் பக்கத்து அறையில உக்காரு, மறுநாள் வண்டி கொண்டுபோய் விட்டுடும். ஏன்னு ஒருத்தனும் கேக்கமாட்டோம்."

உறுதிமொழி எடுக்கும் நாள்வரை அதுதான் அந்த முகாமின் வழக்கம். அவ்வப்போது ஒருவன் போய் அடிப்பான். பயந்து பயந்து ஒரே ஓர் அடி. அந்தச் சத்தம் கேட்டால் மற்றவர்கள் 'பாவம்' என்பார்கள். உள்ளுக்குள் பொறாமையாகவும் இருக்கும்.

அது நடந்த அன்று மணல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடவிட்டார்கள். உச்சி வெயில். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சங்கு இவனைக் கூப்பிட்டு, கம்பத்தடியில் இருக்கும் தண்ணீர் கேனை எடுத்து வரச் சொன்னார். போனான், குனிந்தான். தன் நிழல் காலடியில் சுருண்டு கிடப்பதைப் பார்த்தான். அவனுக்கு நினைவு இருப்பது அவ்வளவுதான். பிறகு சத்தம் கேட்டது. கணகணகணவென்று மைதானம் முழுக்க, விடாமல். யாரடா இப்படி அடிக்கிறான் என்று பார்த்தால், கம்பி அவன் கையில் இருந்தது.

மைதானத்தில் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒயர்மேன் மூட்டையைத் தொப்பென்று போட்டுவிட்டுச் சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்து நடந்தான். அவன் பின்னால் ஒருவன், அவனுக்குப் பின்னால் மொத்தக் கூட்டமும். மீசை முளைத்தால் என்ன, பள்ளிக்கூடத்து உடம்புதானே எல்லாருக்கும். சங்குகூட ஒரு கணம் வாட்சைப் பார்த்தார். அப்புறம்தான் அத்தனை பேரும் நின்று, திரும்பி, இவனைப் பார்த்தார்கள்.

"என்னடா பண்ணின?"

"தெரியல சார்."

"அடிச்சது நீதானே?"

"கைதான் சார்."

"கை யாரோடது?"

"என்னோடதுதான் சார்."

ஏன் என்று கேட்கக் கூடாது என்பது வழக்கம். சங்கு வாயைத் திறந்தார், மூடினார், தலையைச் சொறிந்தார். கடைசியில் அவனைப் பெரிய அதிகாரியிடம் இழுத்துக்கொண்டு போனார். அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுக்கு முன்னாடி என்ன வேலை பாத்த?" என்றார்.

"பள்ளிக்கூடத்துல பியூன் சார். மணி அடிக்கிறது."

அதிகாரி கண்ணில் நீர் வரச் சிரித்தார். சங்கு சிரித்ததை அன்றுதான் முகாம் பார்த்தது.

"பழக்கதோஷம்," என்றார் அதிகாரி. "அப்படித்தான்னா இருந்துக்கோ. இல்ல, போகணும்னுதான் அடிச்சேன்னா போய்க்கோ. ரெண்டுல எதுன்னு நீதான் சொல்லணும். சாயங்கால அணிவகுப்பு முடியறதுக்குள்ள வந்து சொல்லு. வீட்டுக்கு வேணும்னா ஒரு போன் பண்ணிக்கோ."

கேட் பக்கத்து அறையில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தான். பழக்கதோஷம் என்பது அவனுக்கும் சரியாகத்தான் பட்டது. உச்சி வெயில், தண்டவாளம், கம்பி. கை தானாகப் போயிருக்கும். ஆனால் காதில் இன்னும் அந்தச் சத்தம் இருந்தது. பழக்கதோஷம் என்றால் கை மதியச் சாப்பாட்டு மணியை அல்லவா அடித்திருக்க வேண்டும், இரண்டிரண்டாக? அது அடித்தது நீள மணி. அந்த முகாமில் வேறு யாருக்கும் இந்த வித்தியாசம் தெரியாது. அவனுக்குப் பயமாக இருந்தது. தனக்குள் தன்னைக் கேட்காமல் ஒருவன் உட்கார்ந்துகொண்டு முடிவு செய்கிறான் போலிருந்தது.

அம்மாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவள் சிரிக்கவில்லை.

"என்ன மணிடா அடிச்ச?"

"எப்பவும் அடிக்கிறதுதாம்மா."

"சாப்பாட்டு மணியா, நீள மணியா?"

"நீள மணிம்மா."

மறுமுனையில் மிஷின் ஓடுகிற சத்தம் நின்றது.

"வந்துடுடா. இங்க புதுசா ஒருத்தன் அடிக்கிறான், எது சாப்பாட்டு மணி, எது வீட்டு மணின்னு ஒரு எழவும் தெரியல. நீ வந்துடு. வேலை கெடக்குது, பாத்துக்கலாம்."

"சரிம்மா. வந்துடறேன்."

போனை வைத்தபோது அவனுக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. மூட்டையை இறக்கி வைத்த மாதிரி தோளெல்லாம் லேசாகிவிட்டது. இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜன்னலுக்கு வெளியே அணிவகுப்பு தொடங்கியது. ஆள் கேட்டைத் தாண்டும்வரை வரிசையில் அவனுடைய இடத்தை நிரப்பக் கூடாது என்பது அங்கே இன்னொரு வழக்கம். அவன் நிற்க வேண்டிய இடம் காலியாக, ஓர் ஆள் அகலத்துக்கு, மற்றவர்களோடு சேர்ந்து நடந்தது. பக்கத்தில் ஒயர்மேன். வழக்கம்போல முழங்கையைத் தேடித் திரும்பினான், அங்கே ஒன்றுமில்லை. முன்னால் போனான், பின்னால் வந்தான், மறுபடியும் அந்தக் காலி இடத்தைப் பார்த்தான்.

"அங்க என்னடா இருக்கு, பாத்துக்கிட்டே வர்ற?" என்று சங்கு கத்தினார்.

ஜன்னலில் நின்றவனுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கண் கலங்கியது. இந்தக் குறட்டைக்காரனுக்காகவா? அவனை இவனுக்குப் பிடிக்கவே பிடிக்காதே. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பூட்ஸை மாட்டினான். போகிறேன் என்று சொல்வதற்கு வெறுங்காலோடு போகலாம், யாரும் கேட்கமாட்டார்கள். மாட்டிக்கொண்டுதான் போனான். அதிகாரியின் முன்னால் நின்று, 'போறேன் சார்' என்று சொல்ல வாயெடுத்தான்.

"பழக்கதோஷம் சார்," என்றது வாய்.

மதியம் கை, சாயங்காலம் வாய். எது அவனுடையது என்று கடைசிவரை அவனுக்குத் தெரியவில்லை. பிற்காலத்தில் எத்தனையோ முகாம்களில் இதை வேடிக்கைக் கதையாகச் சொல்லியிருக்கிறான். ஒயர்மேன் மூட்டையைப் போட்ட இடத்தில் எல்லோரும் உருண்டு உருண்டு சிரிப்பார்கள். நீள மணி என்ற பேச்சை மட்டும் அவன் எடுத்ததில்லை.

அடுத்த போன் ஞாயிற்றுக்கிழமைதான் கிடைத்தது. ஏன் வரவில்லை என்று அம்மா கேட்கவில்லை.

"மறுநாள் ராத்திரி கதவைத் தாழ் போடலடா," என்றாள். "சரி, விடு. சாப்பிட்டியா?"

பயிற்சி முடிந்து உறுதிமொழி எடுக்கும் நாளுக்கு அவள் வந்திருந்தாள். கஞ்சி போட்ட உடுப்பில் மகனைப் பார்த்து, பழக்கத்தில் முதலில் காலரைத்தான் சரிசெய்தாள். ஒயர்மேன் வந்து, "அம்மா, உங்க பையன் இல்லன்னா நான் நேரா நடந்திருக்கவே மாட்டேன்," என்றான். அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. சங்கு டீ கொடுத்தார். எல்லாரும் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள்.

திரும்பும் வழியில், மைதானத்து மூலையில் அவள் நின்றாள்.

"இதுதானா?"

"ஆமாம்மா."

அவள் இரும்புக் கம்பியைக் கையில் எடுத்தாள். எடை பார்ப்பவள் மாதிரி கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"இப்ப நான் அடிச்சா உன்னை விட்டுடுவாங்களா?"

அவன் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"இனிமே விடமாட்டாங்கம்மா."

அவள் தலையாட்டினாள். கம்பியைச் சத்தம் வராமல் இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டு, வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.