மாதத்தில் ஒரு வாரம் வீங்கும் கை

தையல் கூடத்தில் அவளுக்குக் கட்டிங் அக்கா என்று பெயர். நான்கு மடிப்புத் துணியை ஒரே மூச்சில் வெட்டுவாள். ஒரு நூல் பிசகாது. பிசகினாலும் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

போன வருடம் வலது மார்பில் புற்றுநோய்க் கட்டி என்று அறுவை செய்தார்கள். அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். நீர் வடிய வழி குறைந்ததால் வலது கை வீங்கியது. அழுத்திப் பிடிக்கும் நீளமான கையுறை போடச் சொன்னார்கள். நர்ஸிடம் அளவு கொடுக்க வரச் சொன்னதும் இவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. இருபது வருடமாக ஊருக்கே அளவெடுப்பவளுக்கு இன்னொருத்தி அளவெடுப்பதா? தானே எடுத்து எழுதி அனுப்பினாள்.

மூன்று வாரம் கை சொன்னபடி கேட்டது. நான்காவது வாரம் கத்தரிக்கோல் வளையத்தில் கட்டைவிரல் நுழையவில்லை. சில நாளில் தானாக வடிந்தது. அடுத்த மாதம் மறுபடி அதே கதை. நோய் திரும்பிவிட்டது என்று அவளே முடிவு கட்டினாள். யாரிடமும் மூச்சு விடவில்லை, ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. தினமும் காலையில் கையை அளந்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதினாள். இந்தப் பிடிவாதத்தை என்னவென்று சொல்வது?

பத்தாவது மாதம் கத்தரிக்கோல் கை நழுவிக் காலில் விழுந்தது. விஷயம் தெரிந்த கணவர் இழுக்காத குறையாக அழைத்துப் போனார். ஸ்கேனில் எதுவும் இல்லை. அக்கா கையோடு கொண்டுபோயிருந்த நோட்டை நர்ஸ் புரட்டினாள்.

"வீக்கம் ஏறுற தேதியெல்லாம் பீரியட்ஸை ஒட்டியா வருது அக்கா?"

அக்கா விரல் விட்டு எண்ணினாள். "பீரியட்ஸுக்கு முந்தின வாரம்."

"அதான். அப்ப ஹார்மோன் மாறுறதால உடம்புல நீர் தேங்கும், நிணநீர்க் குழாயும் மந்தமாகும். கணு எடுத்த கை அதைத் தாங்காது. ஆனா கையுறை பிடிச்சிருக்கணுமே?" நர்ஸ் இரண்டு விரலை உள்ளே விட்டாள். தாராளமாகப் போயிற்று. "யாரு அளவெடுத்தது?"

"நான்தான். எல்லாருக்கும் வெக்கிற மாதிரி அரை இன்ச் லூஸ் வெச்சேன்."

"அக்கா, இது சட்டை இல்ல. இறுக்கத்தான் போடுறோம்."

கணவர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் கேட்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நிஜமாயிடும்னு பயம். ஒவ்வொரு மாசமும் வீக்கம் வடிஞ்சதும் உங்களுக்கு ஒரு சட்டை தெச்சு வெச்சேன். நான் போனப்புறம் யார் தெச்சுத் தருவா?"

அலமாரியில் புதுச் சட்டைகள் சேர்ந்துகொண்டே போனதை அவர் பாசம் என்று நினைத்திருந்தார். அன்று போட்டிருந்ததும் அதில் ஒன்று. அதன் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, வருகிறவர் போகிறவர் பார்க்க, அழுதார்.