எகிப்து அலமாரியில் ஒரு கை

ஐந்தருவிக்குப் போகும் சாலையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. அதில் எகிப்துக்கு ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே மணிமாலைகள், களிமண் பொம்மைகள், கல்லில் செதுக்கிய இரண்டு வண்டுகள், துணி சுற்றிய ஒரு குழந்தையின் கை. பதப்படுத்திய உடலிலிருந்து மணிக்கட்டோடு பிரிந்தது.

சீசனில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வருகிறவர்கள் அதன்முன்தான் அதிக நேரம் நிற்பார்கள். "ஏலே, வீட்டுப்பாடம் எழுதாட்டி உன் கையும் இப்படித்தான்லே" என்று ஒரு தகப்பன் சொல்ல, குடும்பமே சிரித்தது.

காவலாளி பாய் சிரிக்கவில்லை. "எம்மவன் சவுதியில மவுத்தானப்போ அங்கனயே அடக்கிட்டாங்க, சார். மொகம் தெரியாத ஆளுங்கதான் மண்ணு போட்டாங்க. இதுக்கு அதுகூட இல்லயே" என்று என்னிடம் சொன்னார்.

கையை அடக்கம் செய்ய விடும்படி நிர்வாகியிடம் கேட்டிருக்கிறார். யாரிடமிருந்து எப்படி வந்தது என்று தெரியாமல் எதுவும் செய்ய முடியாது என்று பதில். நான் அப்போது ஒரு நாளிதழின் தென்காசி நிருபர். அதைக் கண்டுபிடித்துத் தரச் சொன்னார் பாய்.

பதிவேட்டில் 'அன்பளிப்பு' என்ற சொல்லும் கொடுத்தவரின் கையெழுத்தும் மட்டும். செங்கோட்டையில் அவருடைய பேரனைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. சீமையில் படித்துத் திரும்பும் வழியில் தாத்தா எழுதிய கடிதம் பேரனிடம் இருந்தது. எகிப்துத் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது கடைவீதியில் மணிமாலைகள் வாங்கினாராம். கையைக் கடைக்காரன் கொசுறாகக் கொடுத்தானாம்.

"எந்த ஊருப் புள்ளையாம்?" என்று பாய் கேட்டார். "கப்பல் நின்ன ஊரு மட்டும்தான் தெரியுது, பாய். அதுக்கு முன்னால ஒண்ணும் இல்ல."

"பொம்பளப் புள்ளையா?"

"தெரியல."

கொசுறு என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. கட்டுரையில் எழுதினேன். செய்திக்கு அதுதான் உயிர். ஆசிரியர் குழு அதையே தலைப்பாக்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அருவியில் குளித்தவர்களில் பாதிப்பேர் அங்கே வந்தார்கள். மறுவாரம் நிர்வாகி கையை மட்டும் தனிப்பெட்டியில் வைத்து, கூடத்தின் நடுவே விளக்குப் போட்டார். என் கட்டுரை சட்டமிட்டுப் பக்கத்தில் தொங்கியது. அடக்கம் செய்வது பற்றிப் பாய் மறுபடி கேட்டபோது, "இதைப் பார்க்கத்தானய்யா இவ்வளவு பேரும் வர்றாங்க" என்றாராம்.

நான் போனபோது பாய் வாசலில் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க, சார்" என்றார். "இனிமே இத வுடமாட்டாங்க."